சிந்துஜா இருந்த ரூம்

உள்ள வா தாயி. செருப்ப வெளிய விடாத, கையில எடுத்துட்டு வா. அதுக்குள்ள சிலந்தி போய் உக்காந்துக்கிரும். இந்த ஊர்ச் சிலந்தி நம்ம ஊர்ச் சிலந்தி மாதிரி இல்ல, கடிச்சா ஆஸ்பத்திரிதான். கதவ நான் பூட்டிக்கிறேன், நீ போய் உக்காரு. அங்க இல்ல, ஜன்னல் பக்கம் வேண்டாம். இங்கிட்டு வா.

பேரு என்ன சொன்ன? போன்ல சரியா விழுகல. கோகிலவாணியா. நல்ல பேரு. ராசிபுரமா? ஆஸ்பத்திரி லேப்புல வேலைன்னு சொன்னேல்ல. பகல் வேலைதானே? பகல் வேலைன்னா சரி. காப்பி போடுறேன், குடிச்சுட்டு ரூமப் பாக்கலாம். ரூமு எங்கயும் ஓடிறாது.

வாடகையப் பத்தி யோசிக்காத. நீ குடுக்குறதக் குடு. எனக்கு வீட்டுல ஒரு ஆளு வேணும், அம்புட்டுத்தான்.

ஆனா அதுக்கு முன்னாடி ஒரு விசயம் சொல்லிர்றேன். நீ இங்க வரேன்னு கோயில்ல யார்கிட்டயாவது கேட்டிருப்ப. "மாரீஸ்வரி அக்கா வீட்டுக்கா?"ன்னு ஒரு மாதிரி இழுத்திருப்பாங்க. இல்லன்னு சொல்லாத, உன் முகத்தப் பாத்தாலே தெரியுது. அவங்க சொல்லி நீ கேக்குறதவிட நானே சொல்லிர்றது நல்லது. இதுக்கு முன்னாடி இந்த ரூமுல இருந்த பொண்ணு பேரு சிந்துஜா. பட்டுக்கோட்டைப் பொண்ணு. அந்தப் பொண்ண நான் என்னமோ செஞ்சுட்ட மாதிரி பேசுறாங்க. நான் அவள எப்படி வச்சிருந்தேன்னு எனக்குத் தெரியும், அந்த மீனாட்சிக்குத் தெரியும்.

மொதல்ல எங்க வீட்டுக்காரர் வேலையச் சொல்லணும். அவரு எலெக்ட்ரீசியன். வடக்க எங்கயோ இரும்புச் சுரங்கத்துல வேலை. நம்ம இருக்குற இந்தப் பெர்த்துல இருந்து பிளைட்டுல போகணும். பஸ்ல போற மாதிரி பிளைட்டுல போறாங்க இந்த ஆஸ்திரேலியாவுல. ரெண்டு வாரம் அங்க, ஒரு வாரம் இங்க. அந்த ரெண்டு வாரமும் நான் மட்டும் இந்த வீட்டுல. பையன் மெல்போர்ன்ல படிக்கிறான். அந்தப் படிப்பு இங்கயும் இருக்கு, ஆனா அங்கதான் நல்லா இருக்காம். லீவுக்குக்கூட வர நேரமில்ல, பாவம்.

சாத்தூர்ல எங்க வீட்டுல பதினோரு பேரு. பொறந்ததுல இருந்து ஒரு ராத்திரி நான் தனியாப் படுத்தது கிடையாது. பிரசவத்துக்குப் போனாக்கூட பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி இருந்தா. இங்க வந்து, அவரு மொத தடவ வேலைக்குக் கிளம்பிப் போனாரு பாரு, அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது, ஒரு வீடு சத்தமில்லாம இருந்தா அது எப்படி இருக்கும்னு. சாயங்காலம் நாலு மணிக்கு வெளிய எட்டிப் பாத்தா தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. எல்லா வீட்டுலயும் கதவு சாத்தியிருக்கு. உள்ள ஆளு இருக்காங்களா, செத்துட்டாங்களா, எப்படித் தெரியும்?

அன்னைக்கு ராத்திரி கூரை மேல ஒருத்தன் நடக்குறான். தொம் தொம்னு. நான் கக்கூசுல போய்த் தாழ்ப்பாப் போட்டு விடியிற வரைக்கும் உக்காந்திருந்தேன். அவருக்குப் போன் பண்ணிச் சொன்னா சிரிக்கிறாரு. "அது பாஸம்னு பூனை மாதிரி ஒரு பிராணிடி"ங்கிறாரு. இருக்கலாம். ஆனா அது நடந்த நடை மனுச நடை தாயி. எனக்குத் தெரியாதா?

நீ ஒண்ணும் நினைக்காத, நான் வேலைக்கும் போனவதான். ஒரு ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுல, நோயாளிங்க தட்டுல ரொட்டி, சூப்பு, ஜெல்லின்னு அடுக்கி வைக்கிற வேலை. நல்ல வேலை. கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரிங்க என்ன "மாரி, மாரி"ன்னு உசுரா இருந்தாங்க. ஆனா வெள்ளன பஸ்ஸுக்கு நிக்கணும். பஸ் ஸ்டாப்புல ஒரு ஆளு. தினமும் என்னப் பாத்து "குட் மார்னிங்" சொல்லுவான். எதுக்குச் சொல்லணும்? நான் அவனுக்கு யாரு? நான் கைப்பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வேற பக்கம் திரும்பிக்குவேன். அப்பவும் சொல்லுவான். ஒரு நாள் மழை பெய்யிது, அவன் குடைய என் பக்கம் கொஞ்சம் சாய்ச்சான்.  அன்னைக்கோட வேலைய விட்டேன்.

அதுக்கப்புறம் வீட்டுலயே இட்லி மாவு ஆட்டிக் குடுக்குறேன். நம்ம ஆளுங்க வந்து வாங்கிட்டுப் போறாங்க. கதவுச் சங்கிலிய எடுக்காம, அந்தச் சந்து வழியா டப்பாவச் சாய்ச்சுக் குடுத்துருவேன். அதையும் கேலி பேசுறாங்க. பேசட்டும்.

இப்படி இருக்கையிலதான் அவரே சொன்னாரு, "அந்த ரூமு சும்மாத்தானே கிடக்கு, படிக்க வர பிள்ளைக யாருக்காவது விடு, உனக்கும் துணை"ன்னு. ஏப்ரல் மாசம் சிந்துஜா வந்தா. நர்ஸ் படிப்பு படிக்கிறா. படிச்சுக்கிட்டே ஒரு முதியோர் இல்லத்துல வேலை. வயசானவங்களக் குளிப்பாட்டி விடுறது, சோறு ஊட்டுறது, அந்த மாதிரி. சிரிச்ச முகம். வந்த அன்னைக்கே என் அடுப்படியில வந்து நின்னுக்கிட்டு, அந்த இல்லத்துல ஒரு பாட்டிம்மா இவ ஜடையத் தொட்டுத் தொட்டுப் பாக்குறதையும், ஒரு கிழவர் இவளுக்கு டான்ஸ் சொல்லிக் குடுக்குறதையும் நடிச்சுக் காமிச்சா. நான் அன்னைக்குத்தான் இந்த வீட்டுல வாய்விட்டுச் சிரிச்சேன். அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குனேன். பக்கத்து ரூமுல ஒரு பொண்ணு முடி காய வைக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே தூங்குறது எவ்வளவு சுகம் தெரியுமா?

அவளுக்கு நான் என்ன குறை வச்சேன்? கருவாட்டுக் குழம்பு கேட்டா கருவாட்டுக் குழம்பு. தலைக்கு எண்ணெய் தேச்சு விட்டேன். காய்ச்சல்னா கூடவே உக்காந்திருந்தேன்.

ஆனா அவளுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது தாயி. அதுதான் எனக்குப் பெரிய பயமாப் போச்சு. ரோட்டுல போறவன் கை காட்டுனா இவளும் கை காட்டுவா. இருட்டுன பெறகு பஸ்ஸ விட்டு இறங்கி, காதுல பாட்டு மாட்டிக்கிட்டு ஆடி அசைஞ்சு வருவா. பக்கத்து வீட்டுல ஒரு வெள்ளைக்காரர், தனிக்கட்டை, எழுபத்தஞ்சு எண்பது வயசிருக்கும். பேரு பாரி. நம்ம பாரி மாதிரியே, பாரி. நாங்க குடி வந்த நாள்ல இருந்து எங்க குப்பைத் தொட்டியத் தெருவுல இருந்து அவரே உருட்டிக் கொண்டாந்து வைப்பாரு. எதுக்கு? நம்ம குப்பையில அவருக்கு என்ன வேலை? வேலிக்கு மேல எலுமிச்சம்பழம் ஒரு பை வைப்பாரு. நான் எடுத்து அப்படியே குப்பையில போட்டுருவேன், என்ன மருந்து ஏத்தியிருக்கோ. இவ என்னடான்னா, "வள்ளல் பாரி குடுத்தது அக்கா"ன்னு சொல்லி அதுல சாதம் கிளறித் தின்னுட்டா. தின்னது மட்டுமில்ல, ஒரு கிண்ணத்துல போட்டு அவருக்கும் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தா. அன்னைக்கு முழுக்க அவ முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். இவளுக்கு என்ன ஆகுமோ, அவருக்கு எதாவது ஆச்சுன்னா நம்ம தலையில விழுமோன்னு. ஒண்ணும் ஆகல. ஆகலங்கிறது வேற விசயம்.

அதனால சில கண்டிசன் போட்டேன். பஸ் ஏறுனா போன் பண்ணு. இறங்குனா போன் பண்ணு. இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துரு. இது தப்பா? பெத்தவ இருந்தா சொல்ல மாட்டாளா? அவ மொதல்ல சிரிச்சா. "அக்கா, ஜூன் மாசம் அஞ்சரைக்கெல்லாம் இருட்டிரும், என் வேலையே ஏழு மணி வரைக்கும் அக்கா"ன்னா.  ஏழு மணி ஆகுற வரைக்கும் நான் போன் பண்ணுவேன், அவ்வளவுதான். எடுக்கலன்னா திரும்பப் பண்ணுவேன். அந்த இல்லத்து நம்பருக்கும் பண்ணியிருக்கேன். அங்க இருக்குற மேனேஜரம்மா இவள என்னமோ சொல்லிருச்சாம். சொன்னா சொல்லிட்டுப் போகட்டும், உசுரு பெருசா வேலை பெருசா?

எங்க நாத்தனா ஊர்ல இருந்து வீடியோ அனுப்புவா. ஆஸ்திரேலியாவுல நம்ம பிள்ளைகள ரயில்ல அடிச்சாங்க, ரோட்டுல குத்துனாங்கன்னு. அதையெல்லாம் சாப்பிடுறப்ப அவளுக்குக் காட்டுவேன். "இது எப்பவோ நடந்தது அக்கா, இது வேற ஊரு அக்கா"ம்பா. "நடந்துச்சா இல்லையா?"ன்னு கேப்பேன். நடந்துச்சும்பா. அவ்வளவுதானே.

அப்படியே இருந்திருப்பாளோ என்னமோ, ஒரு நாள் பஸ்ல ஒரு குடிகாரன் இவளப் பாத்து அசிங்கமாக் கத்தியிருக்கான். டிரைவர் பஸ்ஸ நிறுத்தி அவன இறக்கி விட்டுட்டாராம். ஆனா பிள்ளை வீட்டுக்கு வரப்ப முகமெல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு. நான் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். "நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல"ன்னு தலையத் தடவிக் குடுத்தேன்.

அதுக்கப்புறம்தான் அவளுக்குப் புத்தி வந்துச்சு. சாயங்கால வேலைய விட்டுட்டா. பகல்ல கொஞ்ச நேரம் மட்டும் போயிட்டு வந்தா. பிரெண்டுங்க கடக்கரைக்குக் கூப்பிட்டா போறதில்ல. நான் பூட்டுன கதவ அவளும் ஒரு தடவ இழுத்துப் பாப்பா. "அக்கா, எதித்தாப்புல அந்த வெள்ளை வண்டி நேத்தும் நின்னுச்சு"ன்னு அவளே வந்து சொல்லுவா. எனக்கு எம்புட்டு ஆறுதல் தெரியுமா! அதுவரைக்கும் இந்த வீட்டுல பயப்படுறது நான் ஒருத்திதான். அவரு சிரிப்பாரு, பையன் கோவப்படுவான். மொத தடவையா எனக்கு ஒரு கூட்டாளி.

ராத்திரி தனியாப் படுக்க மாட்டேன்னு என் ரூமுக்கே மெத்தையத் தூக்கிட்டு வந்துட்டா. கதவுக்குக் குறுக்க அந்த அலமாரியத் தள்ளி வச்சுக்குவோம். ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தள்ளுவோம். தள்ளி முடிச்சுட்டு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவோம். அவ மெலிஞ்சு போனா, கண்ணுக்குக் கீழ கருப்பு விழுந்துச்சு, படிப்புக்கும் சரியாப் போறதில்ல. அந்த இல்லத்துக் கதையெல்லாம் சொல்றதையும் விட்டுட்டா. ஆனா பத்திரமா இருந்தா. அந்த ஒண்ணரை மாசம் நாங்க அம்மாவும் பொண்ணுமா இருந்தோம் தாயி. என் வாழ்க்கையில நல்ல காலம்னா அதத்தான் சொல்லுவேன்.

காப்பி ஆறுது, குடி. சீனி போதுமா?

ஜூலை மாசம் புயல் வந்துச்சு. நீ இன்னும் இங்க குளிர்காலம் பாக்கலேல்ல? கடல்ல இருந்து காத்து வந்து அடிச்சா வீடே ஆடும். சாயங்காலம், அப்பத்தான் இருட்டுது. நாங்க ரெண்டு பேரும் கருவேப்பிலை உருவிக்கிட்டு உக்காந்திருக்கோம். வெளிய படார்னு ஒரு சத்தம். கரண்டு போயிருச்சு. வெளிச்சத்துக்குப் போன்தான். ஆத்தீ, அந்தக் காத்தும் மழையும்! 

அப்ப முன்கதவுல ஒருத்தன் இடிக்கிறான்.

தட்டுறது இல்ல தாயி, இடிக்கிறான். ரெண்டு கையாலயும். என்னமோ கத்துறான். காத்துல ஒண்ணும் விளங்கல. எனக்குக் கேட்டது ஒரே ஒரு வார்த்தை, "அவுட்". "அவுட், அவுட்"டுங்கிறான். வெளிய வாங்கிறான். நான் சிந்துஜா கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு உள் பாத்ரூமுக்குள்ள போயிட்டேன். அதுக்குத்தான் ஜன்னல் கிடையாது. கதவச் சாத்தி, ரெண்டு பேரும் அதுல முதுகக் குடுத்துத் தரையில உக்காந்தோம். அவ கையில அரிவாமனை. அவளேதான் எடுத்துட்டு வந்தா, நான் சொல்லல.

முன்கதவுல சத்தம் நின்னுச்சு. போயிட்டான்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா டார்ச்சு வெளிச்சம், கதவுக்கு அடியில அந்தச் சந்துல தெரியுது, வீட்டச் சுத்தி வரான். ஜன்னல் ஜன்னலா அடிச்சுப் பாக்குறான்.  போலீசுக்கு நான்தான் போன் பண்ணேன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல, மேன், டோர், பிரேக்கிங், ரெண்டு லேடீஸ்னு சொன்னேன். அந்தம்மா அட்ரஸ் கேட்டுச்சு, சொன்னேன். புயல்னால லேட் ஆகும், வெளிய போகாதீங்க, வரோம்னுச்சு. அத மட்டும் நல்லா விளங்கிக்கிட்டேன்.

கொஞ்ச நேரத்துல பக்கவாட்டு கேட்டுக்கிட்ட தடால்னு ஒரு சத்தம். டார்ச்சு வெளிச்சம் காணோம். அப்புறம் ஒரு முனகல்.

சிந்துஜா தலையத் தூக்குனா. "அக்கா, பாரி தாத்தா குரல் மாதிரி இருக்கு."

"பேசாத."

"அக்கா, ஹெல்ப்ங்கிறாரு."

"அப்படித்தான் கூப்பிடுவாங்க. நம்பிக் கதவத் திறந்தா நாலு பேரு நிப்பான். வீடியோவுல பாத்தோம்ல?"

"நான் ஜன்னல்ல மட்டும் பாத்துட்டு வரேன் அக்கா."

நான் விடல. அவ கையப் பிடிச்ச பிடியில என் நகம் பதிஞ்சு ரத்தம் வந்துருச்சாம், அது எனக்கு அப்புறம்தான் தெரியும். "நீ போனா நான் இங்கயே செத்துருவேன்"னேன். நிசமாத்தான் சொன்னேன், செத்திருப்பேன். ஒரு தடவ இழுத்தா. ரெண்டு தடவ இழுத்தா. அப்புறம் அவளும் இழுக்கல. இத யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. அவளும் உக்காந்துதான் இருந்தா. என் தோள்ல முகத்தப் புதைச்சுக்கிட்டு, காதப் பொத்திக்கிட்டு இருந்தா. வெளிய அந்தக் குரல் கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் மெதுவா ஆச்சு. அப்புறம் காத்துச் சத்தம் மட்டும்தான்.

எவ்வளவு நேரம்னு கேக்காத. எனக்குக் கொஞ்ச நேரம்தான் மாதிரி இருந்துச்சு. சிந்துஜா சொல்ற கணக்கு வேற.

போலீஸ் வந்து தட்டுனப்பவும் நாங்க திறக்கல. போலீசுன்னு சொன்னா நம்பிருவோமா? பாத்ரூமுக் கதவ லேசா நீக்கி, ஹால் கூரையில சிவப்பும் ஊதாவுமா போலீஸ் வண்டி வெளிச்சம் சுத்துறதப் பாத்த பெறகுதான் போய்த் திறந்தேன்.

அவருதான். பாரிதான். நடந்தது என்னன்னா, வாசல்ல நிக்கிற அந்தத் தைல மரத்துக் கிளை முறிஞ்சு கரண்டுக் கம்பி மேல விழுந்து, கம்பி அறுந்து எங்க கார் நிறுத்துற இடத்துல தண்ணிக்குள்ள கிடந்திருக்கு. அந்த மனுசன் அதப் பாத்துட்டு ஓடியாந்து, "வெளிய வராதீங்க, வெளிய வராதீங்க"ன்னுதான் கத்தியிருக்காரு. எனக்கு அந்த "அவுட்"டு மட்டும்தான் கேட்டுச்சு. என் காது மேல தப்பா? யாரும் பதில் சொல்லாததனால, உள்ள எங்களுக்கு எதுவும் ஆயிருச்சோன்னு வீட்டச் சுத்தி வந்து பாத்திருக்காரு. பக்கவாட்டுல பாசியில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சிருச்சு. அந்த மழையில அப்படியே கிடந்திருக்காரு.

சிந்துஜா அரிவாமனையப் போட்டுட்டு ஓடுனா. போலீசு "கம்பி, கம்பி"ன்னு கத்துது, காதுலயே வாங்கல. சுத்தி ஓடிப்போய் அவர் பக்கத்துல மண்டி போட்டு உக்காந்து, தன் சட்டைக்கு மேல போட்டிருந்த ஸ்வெட்டரக் கழட்டி அவர் மேல போட்டு, நாடி பிடிச்சுப் பாத்து, பேரச் சொல்லிக் கூப்பிட்டு, என்னென்னமோ செஞ்சா. படிச்ச படிப்பெல்லாம் அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு போல. அவரு உதடு நீலமாப் போச்சு. கண்ணத் திறந்து இவளப் பாத்து, "ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லையே?"ன்னு கேட்டாராம். இவ தேம்பித் தேம்பி அழுதா பாரு, ஆம்புலன்ஸ்காரன் இவளையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டான்.

அந்தப் பொம்பளப் போலீசு என் தோள்ல கம்பளியப் போத்தி விட்டுச்சு. "வெளிய வராம போன் பண்ணது சரிதான்"னு சொல்லுச்சு. நீ இதக் கவனி தாயி. போலீசே சொல்லுச்சு, நான் செஞ்சது சரின்னு. ஒரு வேளை அது திருடனா இருந்திருந்தா? அன்னைக்கு நான் அவளப் பிடிச்சு வைக்காம, அவ இருட்டுல ஓடிப்போய் அந்தக் கம்பிய மிதிச்சிருந்தா? அப்ப என்ன சொல்லுவாங்க இந்தக் கோயில்காரங்க?

அவரு சாகல. ஆப்பரேசன் பண்ணாங்க. ஆனா இனிமே தனியா இருக்க முடியாதுன்னு மக வந்து ஒரு இல்லத்துல சேத்துருச்சு. வீட்டக் காலி பண்ணும்போது அந்த மக இங்க வந்து பெல் அடிச்சுச்சு. ஜன்னல் திரைக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். கையில ஒண்ணும் இல்ல, சும்மா நின்னுச்சு. சண்டைக்கு வந்துச்சோ, என்னத்துக்கு வந்துச்சோ. நான் திறக்கல. கொஞ்சம் நின்னுட்டுப் போயிருச்சு. இப்ப அந்த வீட்டுல யாரும் இல்ல. பக்கத்துல ஒரு வீடு காலியாக் கிடந்தா எனக்கு எப்படி இருக்கும்? யார் வேணும்னாலும் வந்து ஒளிஞ்சுக்கலாம்ல?

நான் அவரப் போய்ப் பாக்கல. என்ன முகத்த வச்சுக்கிட்டு... இல்ல, அதுக்கில்ல. எனக்கு அந்த இடம் தெரியாது. பஸ் மாறிப் போகணும்.

சிந்துஜா ஆஸ்பத்திரியில இருந்து திரும்பி வந்தா. சோறு போட்டு வச்சேன், அப்படியே இருந்துச்சு. ராத்திரி அலமாரியத் தள்ள வானு கூப்பிட்டேன், வரல. மெத்தையத் தூக்கிட்டுத் தன் ரூமுக்கே போயிட்டா. கதவத் திறந்து போட்டுக்கிட்டே படுத்திருக்கா! மறுநாள் பெட்டியக் கட்டுனா. நான் வாசல்ல குறுக்க நின்னேன். "என் மேல கோவமா? அடி, ரெண்டு அடிச்சுட்டுப் போ"ன்னேன்.

அவ சொன்னா, "உங்க மேல கோவம் இல்ல அக்கா. நான் தினம் அந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் சோறு ஊட்டுறேன். அவங்க கூப்பிட்டா எந்திரிச்சுப் போறதுதான் என் வேலை. அன்னைக்கு நான் காதப் பொத்திக்கிட்டு இருந்தேன் அக்கா. எனக்கு இப்ப வெளிய யாரப் பாத்தும் பயம் இல்ல. என்னப் பாத்தாத்தான் பயமா இருக்கு."

இது என்ன பேச்சு? தன்னப் பாத்துத் தானே யாராவது பயப்படுவாங்களா? எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல. உனக்கு விளங்குதா? நீ படிச்ச பொண்ணு.

திரும்பவும் அந்த ஏழு மணி வேலைக்குப் போறாளாம். ஞாயித்துக்கிழமை ஆனா பாரியப் போய்ப் பாத்து, வீல் சேர்ல வச்சு வெளிய கூட்டிட்டுப் போறாளாம். கோயில்ல சொன்னாங்க. என்னப் பாக்க ஒரு தடவ வரல. போன் பண்ணா எடுக்குறதில்ல. தினமும் பண்ணுறேன், பஸ் ஏறிட்டியா, இறங்கிட்டியான்னு மெசேஜாவது போடுறேன். பெத்த மக மாதிரி வச்சிருந்தேன் தாயி.

எங்க வீட்டுக்காரர் வந்து எல்லாத்தையும் கேட்டாரு. சாப்பிடாமப் படுத்துட்டாரு. மறுநாள், "மாரி, நாம பேசாம ஊருக்கே போயிருவோமா?"ன்னாரு. ஊருக்கா? இங்க சேந்தாப்புல இத்தன வருசம் ஓட்டியாச்சு. சாத்தூர் வீட்டுல இப்ப யாரு இருக்கா? எல்லாரும் ஆளுக்கொரு திசையாப் போயாச்சு. அந்தப் பெரிய வீட்டுல நான் மட்டும் எப்படிப் படுப்பேன்? அதெல்லாம் வேண்டாம், நான் ரூமுக்கு வேற பொண்ணு பாத்துக்கிறேன்னு சொல்லி அனுப்பி வச்சேன்.

அதான் உங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒண்ணையும் மறைக்கல. வா, ரூமப் பாப்போம். ஜன்னலுக்குப் புதுசா கம்பி போட்டிருக்கு, தைரியமா இருக்கலாம். என்ன, இப்பவே கிளம்பணுமா? இருந்து சாப்பிட்டுப் போலாம்ல? அவரு வர இன்னும் நாலு நாள் இருக்கு. பெட்டிய அப்புறம் எடுத்துக்கலாம். இன்னைக்கே இங்க தங்கிரு, நான் உனக்கு மாத்துத் துணி தரேன்.

இரு. பேசாத. பெல்லு அடிக்குது.

ஷ். எந்திரிக்காத, உக்காரு. மூச்சு விடாத.

உன் பிரெண்டா? உன்னக் கூப்பிட வந்திருக்காளா? உனக்கு எப்படித் தெரியும்? அவ முகத்த நீ பாத்தியா? போன் பண்ணி வரேன்னு சொன்னாளா? போன்ல யார் வேணும்னாலும் சொல்லலாம். திரும்ப அடிக்குது பாரு. பிரெண்டுன்னா எதுக்கு இப்படித் திரும்பத் திரும்ப அடிக்கணும்?

கையக் குடு. இப்படிக் கிட்ட வந்து உக்காந்துக்கோ. ஐயோ, கை எப்படிச் சில்லுனு ஆயிருச்சு பாரு.  பாத்தியா, நீயும் பயப்படுற பொண்ணுதான். அழாத, அழாத. நான் இருக்கேன்ல. எனக்கு வந்த உடனேயே தெரிஞ்சு போச்சு, நீ நல்ல பொண்ணுன்னு.